வீட்டின் நடுவே கவுன்டி எல்லைக்கோடு! அவசரம், உதவுங்கள்

அவசரக்குடுக்கை: அமெரிக்காவில் நாங்கள் வாங்கப்போகும் வீட்டின் நடுவே கைப்பேசி வரைபடத்தில் கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) எல்லைக்கோடு போகிறது. சமையலறை ஒரு கவுன்டி, படுக்கையறை வேறு கவுன்டி. மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை கையெழுத்து. எது சரி?

கயல்: எந்த மாநிலம் என்று சொல்லவே இல்லையே. கலிபோர்னியாவில் ஒவ்வொரு கவுன்டியின் எல்லையும் சட்டத்திலேயே வரி வரியாக எழுதியிருக்கிறது. மற்ற இடங்களில் நடைமுறை வேறு.

மரவட்டை: இது செயற்கைக்கோள் படத்தின் பிழைதான். நல்ல ஜிபிஎஸ் கருவியுடன் வாசலில் நின்று பாருங்கள், தெரிந்துவிடும்.

பழைய சங்கிலி: ஜிபிஎஸ் நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லும். கோடு எங்கே என்று அதற்கு எப்படித் தெரியும்? இங்கே இதை எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. கவுன்டியை உருவாக்கிய சட்டத்தின் சொற்கள் முதலில். அதன்படி அந்தக் காலத்து அளவையர் 66 அடிச் சங்கிலி பிடித்து நட்ட கல்லும் குறி வெட்டிய மரமும் அடுத்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை வெளியிடும் கோடுகள் புள்ளிவிவரத்துக்காக மட்டுமே. அவற்றைச் சட்டப்படியான எல்லையாகக் கொள்ளக் கூடாதென்று அத்துறையே எழுதி வைத்திருக்கிறது. படிப்பவர்தான் இல்லை.

அவசரக்குடுக்கை: நார்த் கரோலினா. டர்ஹம் கவுன்டிக்கும் வேக் கவுன்டிக்கும் இடையே.

கயல்: சொத்து வரி இப்போது எந்தக் கவுன்டிக்குப் போகிறது? பழைய பத்திரம் எங்கே பதிவாகியிருக்கிறது? மனையை அளந்த வரைபடம் கையில் இருக்கிறதா?

பழைய சங்கிலி: பத்திரத்தில் "வேக் கவுன்டி" என்று எழுதிவிட்டால் நிலம் அங்கே போய்விடாது. ஆரஞ்சு, வேக் ஆகிய கவுன்டிகளிலிருந்து பிரித்து 1881இல் உண்டானது டர்ஹம். ஐயம் வந்தால் மாநிலச் சட்டத்தின் 153ஏ-18ஆம் பிரிவு இருக்கிறது: இரு கவுன்டிகளும் அளக்க ஏற்பாடு செய்யலாம். இரண்டின் ஆணையர் மன்றங்களும் (கவுன்டியை நிர்வகிக்கும் அவைகள்) ஏற்றுத் தீர்மானம் போட்டால், வரைபடம் இரு பத்திரப் பதிவகங்களிலும் மாநிலச் செயலர் அலுவலகத்திலும் பதிவாகும். ஒத்துவராவிட்டால் எல்லைக் குழு அமைக்கக் கோரி நீதிபதியிடம் போகலாம். அப்படி ஒரு வரைபடம் பதிவாகியிருக்கிறதா என்று பதிவகத்தில் கேளுங்கள்.

மரவட்டை: 2017இல் நார்த் கரோலினா, சவுத் கரோலினா மாநிலங்களின் எல்லையையே மாற்றினார்களே!

பழைய சங்கிலி: மாற்றவில்லை. 18ஆம் நூற்றாண்டில் அளந்த கோட்டைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

மரவட்டை: இரவில் ஒரு மாநிலத்தில் படுத்து, காலையில் இன்னொன்றில் எழுந்தவர்களிடம் போய் இதைச் சொல்லுங்கள் ஐயா.

பழைய சங்கிலி: அவர்கள் வீடு என்றைக்கும் அந்தப் பக்கம்தான் இருந்தது. தெரியாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

மரவட்டை: வரி கட்டிய மாநிலம் மாறினால் அது மாற்றம் இல்லையா?

கயல்: இருவரும் தனி இழை தொடங்குங்கள். இவருக்கு வெள்ளிக்கிழமை கையெழுத்து.

அவசரக்குடுக்கை: வழக்கறிஞர் பார்த்துவிட்டார். வீடு முழுவதும் வேக் பக்கம்தானாம். நன்றி.

கயல்: எதை வைத்துச் சொன்னார்? பதிவான வரைபடமா, வரி ரசீதா?

கயல்: இருக்கிறீர்களா?