‘மவுண்ட்’ என்பதற்குக் ‘கொளுவு’

அன்புடையீர், வணக்கம்.

கருவிகளுக்குள் பொருத்தும் சிறு கணினிகளான உட்பொதி லினக்ஸ் பலகைகளுக்கான தமிழ்க் கையேட்டில், ஒரு சேமிப்பகத்தின் கோப்புகளைத் திறக்கும்படி கணினியோடு இணைக்கும் ‘மவுண்ட்’ என்பதை ‘ஏற்று’ என்றும், அந்த இணைப்பை நீக்கும் ‘அன்மவுண்ட்’ என்பதை ‘இறக்கு’ என்றும் எழுதலாம் என்ற முன்மொழிவோடு எனக்கு உடன்பாடில்லை. பதிவேற்றமும் பதிவிறக்கமும் ஊன்றிவிட்ட பிறகு இந்த இணை குழப்பத்தையே தரும். கிளிநொச்சியில் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், குளத்து நீர்மட்டத்தைப் பதியும் சிறு பலகையில் ‘சேமிப்பகத்தை இறக்கு’ என்ற வரியைக் கண்டு, கோப்புகளைப் படியெடுக்கச் சொல்கிறது என்று கருதி, யூஎஸ்பி பென்னைப் பிடுங்கித் தம் மடிக்கணினியில் செருகிவிட்டார். எழுதச் சொன்ன தரவை லினக்ஸ் உடனே பென்னுக்கு அனுப்புவதில்லை. வழமையான அமைப்பில் ஏறக்குறைய 30 வினாடி வரை நினைவகத்தில் தேக்கி வைத்திருக்கும். கடைசி அளவீடுகள் அத்தோடு போயின.

நாடாச் சுருளையும் வட்டுத் தொகுதியையும் ஆட்கள் தூக்கி இயந்திரத்தில் வைத்த காலத்தின் சொல் ‘மவுண்ட்’. 1971ஆம் ஆண்டின் யூனிக்ஸ் முதற்பதிப்புக் கையேட்டிலேயே அது இருக்கிறது. இன்றைய செயலோ வேறு. பென்னைச் செருகியதும் லினக்ஸின் மைய நிரலான கர்னல் அதை அறிந்து ‘எஸ்டிஏ’ என்பது போன்ற பெயரை இடுகிறது. ஆயினும் அதிலுள்ள கோப்பு முறைமையை (கோப்புகளின் ஒழுங்கமைப்பை) அடைவு மரத்தின், அதாவது கணினியின் கோப்புறைகள் கிளைவிடும் அமைப்பின், ஓரிடத்தில் இணைக்கும் வரை உள்ளிருக்கும் கோப்பு எதையும் திறக்க இயலாது.

வன்னியில் உழவு இயந்திரத்தில் அது இழுத்துச் செல்லும் பெட்டியைக் ‘கொளுவுகிறோம்’, வேலை முடிந்ததும் ‘கழற்றுகிறோம்’. பெட்டி பின்னால் வந்து நிற்பது மட்டும் கொளுவல் ஆகாது, ஆணி விழ வேண்டும். செருகுவதற்கும் மவுண்ட் செய்வதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. இழுவையில் நிற்கும் பெட்டியின் ஆணி கழலாதது போல, ஏதேனும் ஒரு நிரல் அந்த அடைவில் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் கர்னலும் ‘பிஸி’ என்று மறுத்துவிடும்.

‘ஒட்டு’ என்றார் ஒரு நண்பர். மரத்துக்குப் பொருத்தமான சொல்தான், ஆனால் ஒட்டுமாங்கன்றைப் பிறகு பிரித்தெடுப்பவர் யார்? ‘மாட்டு’ என்பது தமிழகத்தாருக்கு இயல்பாக இருக்கலாம். எங்கள் காதில் சிக்கிக்கொள்வதைக் குறிக்கும் ‘மாட்டுப்படுதல்’தான் முதலில் விழுகிறது. ‘கொளுவு’ புதுச்சொல் அன்று, ‘கொள்’ என்ற வேரிலிருந்து வந்தது; ‘கொளுக்கி’யும் அதன் உறவே. கொளுவிடம் (இணைக்கப்படும் அடைவு), தானியங்கிக் கொளுவல், வாசிப்புக் கொளுவல் (எழுத விடாமல் படிக்க மட்டும்) என்று கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன. கட்டளையை மட்டும் உள்ளபடியே தட்டச்சிட வேண்டும். அங்கே ‘யூமவுண்ட்’ என்று ஓர் எழுத்தை விழுங்கி வைத்திருப்பதற்கு நாம் பொறுப்பல்ல.

ஒரு குறை உண்டு. கொளுவிடமாகும் அடைவில் முன்பே கோப்புகள் இருந்தால், கழற்றும் வரை அவை மறைந்திருக்கும். ‘கொளுவு’ இதை உணர்த்தாது. கையேட்டில் அந்த இடத்தில் தனியாக ஒரு வாக்கியம் எழுதிவிடுவோம்.