கோவம் ரத்தத்துல வருதா? நீங்க கண்ணால பார்த்ததைச் சொல்லுங்க

செல்லூர்க்காரன்:

போன கத்திரி வெயில்ல மதுரைக் கோரிப்பாளையத்துல நடந்தது. மேம்பால வேலைக்காக ரோட்டைச் சுருக்கி வச்சிருந்தாங்க. மத்தியானம் ரெண்டு மணி. மகளைப் பல் டாக்டர்கிட்ட காட்டிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கிட்டு இருந்தேன். அவளுக்கு ஒன்பது வயசு, பின்னாடி உக்காந்திருந்தா. சிக்னல் விழுந்ததும் ஒரு ஷேர் ஆட்டோ சட்டுன்னு இடது பக்கம் ஒடிச்சு என் வண்டிக் கண்ணாடியை உடைச்சுட்டுப் போய் நின்னுச்சு. டிரைவர் தலையை வெளிய நீட்டி, "பார்த்துப் போக மாட்டியாடா" அப்படின்னார்.

வண்டிக்கு எப்ப ஸ்டாண்டு போட்டேன்னு எனக்கு ஞாபகமே இல்ல. அடுத்து நான் பார்த்தது, என் கை அவரோட காக்கிச் சட்டைக் காலர்ல இருந்தது. பட்டன் பிஞ்சு போய் நூல் மட்டும் தொங்குச்சு. அந்த நூல் இப்பவும் கண்ணுல நிக்குது. அவர் முகம் ஞாபகம் இல்ல. சுத்தி அத்தனை ஹாரன் அடிச்சிருக்காங்க, ஒண்ணும் காதுல விழல. மக "வேணாம்பா, வேணாம்பா"ன்னு கத்தியிருக்கா, அதுவும் கேக்கல. அவ பின்னாடி இருந்து சட்டையைப் பிடிச்சு இழுத்தப்பதான் சுரணை வந்துச்சு. அவர் என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவரா இருப்பார். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒண்ணும் சொல்லாம ஏறிப் போயிட்டார். வண்டிச் சாவியைத் திருக முடியாத அளவுக்கு என் கை நடுங்குச்சு.

வீட்டுக்கு வந்து சொன்னதும் எங்கம்மா, "ரத்தம்டா, எங்க போகும்? உங்க அப்பனை உரிச்சு வச்சிருக்க"ன்னாங்க. அதுக்கு என் மக கேட்டா: "அப்ப எனக்கும் வருமா அப்பத்தா?"

அந்தக் கேள்விக்கு அன்னைக்கு எங்க யார்கிட்டயும் பதில் இல்ல. அதுல இருந்து கையில கிடைச்சதை எல்லாம் படிச்சுக்கிட்டு இருக்கேன். நெத்திப்பொட்டுக்கு உள்ள, ரெண்டு பக்கமும் பாதாம்பருப்பு அளவுல அமிக்டலான்னு மூளையோட ஒரு பகுதி இருக்கு. ஆபத்துன்னு பட்டா அது முதல்ல மணி அடிச்சுரும். அட்ரினலின்ங்கிற ஹார்மோன் ஏறும், நெஞ்சு அடிச்சுக்கும், கண்ணு ஒரே இடத்துல குத்திட்டு நிக்கும், காது அடைச்ச மாதிரி ஆகும். யோசிச்சு "பொறு"ன்னு சொல்ல வேண்டியது நெத்திக்குப் பின்னால இருக்கிற முன்மூளை. அதோட சேதி வந்து சேர்றதுக்குள்ள கை காலருக்குப் போயிருது. "அவமானம்" வேற, "ஆபத்து" வேறன்னு பிரிச்சுப் பார்க்க அதுக்கு நேரம் கிடைக்கிறதில்ல. எனக்கு நடந்தது அதுதான். அந்த ஒரு "டா" போதுமா இருந்துச்சு.

வெயிலுக்கும் இதுல பங்கு இருக்கு. அமெரிக்காவுல ஃபீனிக்ஸ்னு ஒரு ஊர், பாலைவனத்து வெக்கை. அங்க பச்சை விளக்கு விழுந்த பிறகும் ஒரு காரை நகர்த்தாம நிறுத்தி வச்சு, பின்னாடி இருக்கிறவங்க எவ்வளவு ஹாரன் அடிக்கிறாங்கன்னு பார்த்திருக்காங்க. 1986ல வெளியான ஆய்வு. வெப்பம் கூடக் கூட ஹாரனும் கூடியிருக்கு, அதுவும் ஜன்னலைத் திறந்து வச்சிருந்தவங்ககிட்ட அதிகமா. நம்ம ஊர் சித்திரை வைகாசியில தலைக்கவசத்துக்குள்ள வேர்வை வழிய நிக்கிறவனுக்கு இதைப் புரிய வைக்கவே வேண்டாம்.

ஆனா வெயில் எல்லாருக்கும்தான் அடிச்சது. சிக்னல்ல அத்தனை பேர்ல காலரைப் பிடிச்சவன் நான் ஒருத்தன். அப்ப அம்மா சொல்ற ரத்தம்தானா? உங்க வீட்டுல, தெருவுல, வேலை பார்க்கிற இடத்துல நீங்க பார்த்ததை எழுதுங்க. என் மகளுக்குப் பதில் சொல்லணும்.

உசிலம்பட்டி டீச்சர்:

தம்பி, நான் இருபத்திரெண்டு வருஷமா ஒண்ணாங்கிளாஸ், ரெண்டாங்கிளாஸ் பிள்ளைகளோட இருக்கேன். ரத்தமான்னு கேட்டா, நான் பார்த்த அளவுக்கு முதல் பங்கு கண்ணுக்கும் காதுக்கும்தான்.

ஒரு பையன். ஆறு வயசு. பக்கத்துல இருந்த பிள்ளை அவன் ரப்பரை எடுத்துருச்சு. இவன் எந்திரிச்சு, இடுப்புல கை வச்சு, கட்டைவிரலை ஆட்டி, "தொலைச்சுப்புடுவேன், யார்கிட்ட வச்சுக்கிற"ன்னு சொல்லிட்டு அறைஞ்சான். சின்னப் பிள்ளைக் கை மாதிரியே இல்ல அது. முழங்கையை மடக்கி, உள்ளங்கையை விரிச்சு, பெரிய ஆம்பளை அறையிற மாதிரி. மறுவாரம் அவங்க அப்பா ஸ்கூலுக்கு வந்தார். பேசிக்கிட்டே இருக்கும்போது இடுப்புல கை வச்சுக் கட்டைவிரலை ஆட்டினார். எனக்கு வயித்தைப் பிசைஞ்சது.

பயிற்சிக் காலத்துல படிச்சது அப்பதான் விளங்குச்சு. 1961ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல ஆல்பர்ட் பண்டூராங்கிற உளவியல்காரர் 72 பிள்ளைகளை வச்சு ஒரு சோதனை பண்ணார். தட்டிவிட்டா தானே நிமிர்ற காத்தடைச்ச பொம்மை ஒண்ணு. ஒரு பெரியவர் அதைச் சுத்தியலால அடிச்சு, காலால உதைச்சு, சில வார்த்தையும் சொல்லி வைவார். பார்த்த பிள்ளைகள் தங்களுக்கு வாய்ப்பு வந்தப்ப அதே அடி, அதே வார்த்தை. பொம்மையோட அமைதியா இருந்த பெரியவரைப் பார்த்த பிள்ளைகள் அந்த அளவுக்கு அடிக்கல.

அந்தப் பையனை நான் அடிக்கல, வையவும் இல்ல. ரப்பர் போனா என்ன சொல்லிக் கேக்கணும்னு தினமும் நடிச்சுக் காட்ட வச்சேன். மூணு மாசம் ஆச்சு. வேற வார்த்தை அவன் கேட்டதே இல்ல, அதான் விஷயம்.

பாலமேட்டுப் பக்கம் மாடு வளர்க்கிறவர்:

அண்ணே, எங்க வீட்டுக் காளை வாடிவாசல்ல நின்னு விளையாடுற மாடு. அதே மாடு வீட்டுல என் அக்கா பேத்தி கையால வைக்கோல் தின்னும். மூணு வயசுப் பிள்ளை திமிலைப் பிடிச்சுத் தொங்கும், அசையாது. களத்துல தலையைத் தாழ்த்துச்சுன்னா வேற மாடு. சாதிக் குணம்னு சொல்லுவோம். இருக்கு, இல்லங்கல, வம்சம் பார்த்துதான் கன்னு வாங்குறோம். ஆனா கூட்டம், சத்தம், வெளிய போக வழி தேடுறது, இது எல்லாம் சேர்ந்தாத்தான் அந்தச் சீற்றம் வெளிய வரும்.

என் மக கால்நடை மருத்துவம் படிக்குது. அது சொன்ன கதை. ஸ்பெயின்ல ஹோசே டெல்காடோன்னு ஒரு மூளை ஆராய்ச்சிக்காரர். 1963ல காளையோட மூளைக்குள்ள கம்பி பதிச்சு, தானே களத்துல இறங்கி நின்னிருக்கார். காளை பாஞ்சு வந்துருக்கு. கையில இருந்த ரேடியோ பட்டனை அமுக்கினதும் நின்னு திரும்பிருச்சு. கோவத்தை அணைக்கிற சுவிட்சைக் கண்டுபிடிச்சுட்டார்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சாம். பின்னாடிதான் மத்த ஆளுங்க சொன்னாங்க, அவர் தொட்ட இடம் உடம்பு அசைவைக் கட்டுப்படுத்துற இடம், காளைக்குக் கோவம் தணியல, கழுத்தைத் திருப்பி விட்டிருக்குன்னு. அது கேட்டு எனக்கு மனசு ஆறுச்சு. மாட்டைத் தெரிஞ்சவனுக்குத் தெரியும், ஒரு சுவிட்சுல அடங்குற விஷயம் இல்ல இது.

இன்னொண்ணும் சொன்னா. பூனை எலியைப் பிடிக்கையில முடி சிலிர்க்காது, சத்தம் போடாது. மூலையில மடக்கினா மட்டும் முதுகை வளைச்சுச் சீறும். ரெண்டும் மூளையில வேற வேற பாதையாம்.

ஓய்வு பெற்ற ஏட்டு:

மாட்டுக்காரத் தம்பி சொன்ன பூனையை நான் ஸ்டேஷன்ல ரொம்ப வருஷம் பார்த்திருக்கேன். எலி பிடிக்கிற பூனை மாதிரி ஆள் வேற. திட்டம் போட்டுச் செய்வான், விசாரணையில குரல் உசராது. நான் பார்த்ததுல அவங்க கொஞ்சம். மத்தது எல்லாம் மூலையில மடங்கின பூனை. விடிஞ்சதும் லாக்கப்புல உக்காந்து, "ஏட்டய்யா, நானா செஞ்சேன்?"னு கேட்டு அழுவான். முக்கால்வாசி பேர் வாயில சாராய வாடை. குடிச்சா முன்மூளை மந்தமாகிரும், கண்ணு முன்னாடி நிக்கிறவன் மட்டும்தான் தெரிவான், நாளைக்கி என்ன ஆகும்னு தெரியாது.

திருவிழாவுல நடக்கிற சண்டையை விசாரிச்சா அடியில ஒரு வார்த்தை இருக்கும். "எங்க அத்தையை வச்சு ஒரு வார்த்தை சொன்னான்", அதுவும் நாலு பேர் பார்க்கச் சொன்னான். தனியா இருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பான். அமெரிக்காவுலயும் இதைச் சோதிச்சிருக்காங்க. 1996ல வந்த ஆய்வு. காலேஜ் பையன்களை நடைபாதையில தோளால இடிச்சு ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்காங்க. வடக்குப் பக்கத்துப் பையன்கள் பெரும்பாலும் லேசா எடுத்துக்கிட்டாங்க. மானம் பெருசுன்னு வளர்ந்த தெற்குப் பக்கத்துப் பையன்களுக்கு கார்டிசால்ங்கிற பதட்ட ஹார்மோனும் டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோனும் ஏறியிருக்கு. வளர்ப்பு சொல்லிக் கொடுத்தது ரத்தத்துல போய் நிக்குது, பாருங்க. மதுரைக்காரன்னாலே அருவான்னு வெளியூர்க்காரன் பேசுறப்ப எனக்கு ஆத்திரம் வரும். அந்தப் பேச்சையே கேட்டு வளர்ற பையன், தானும் அப்படித்தான் இருக்கணும்னு நினைச்சுக்கிறான்.

திருப்பரங்குன்றம் தங்கச்சி:

இதை எங்கயும் எழுதுனது இல்ல. எங்க அண்ணன் சத்தம் போட்டுப் பேசினதே கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன்னாடி ரிங் ரோட்டுல விபத்து. ஹெல்மெட்டு பெட்ரோல் டேங்க் மேல இருந்துச்சு. பதினோரு நாள் ஐசியு. வீட்டுக்கு வந்தப்ப நடந்தார், பேசினார், எல்லாரையும் அடையாளம் தெரிஞ்சது. தேர் இழுத்து நிலைக்கு வந்த மாதிரி நாங்க மூச்சு விட்டோம்.

அடுத்த வாரம் சாம்பார்ல உப்பு பத்தலன்னு தட்டைச் சுவத்துல அடிச்சார். அண்ணி மேல சோறு. அஞ்சு நிமிஷத்துல, "என்ன ஆச்சு, யார் கொட்டினது?"ங்கிற மாதிரி முழிச்சார். மறுநாள் டிவி சத்தத்துக்கு ரிமோட்டை உடைச்சார். அம்மா கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போனாங்க, தாயத்து கட்டினோம், செத்தவன் எவனோ பிடிச்சிருக்கான்னாங்க. தெருவுல ஒருத்தர், "விறகு பொளக்க விடுங்க, கோவம் கையால வெளிய போயிரும்"னார். விட்டோம். கூடிருச்சு. கோவப்பட்டவங்களை மணல் மூட்டையைக் குத்த விட்டா தணியாது, இன்னும் ஏறும்னு 2002லயே ஆய்வு வந்திருக்குன்னு ரொம்பப் பின்னாடிதான் தெரிஞ்சது.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நரம்பு டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்துல பிடிச்சு, நெத்திக்குப் பின்னால ஒரு கருப்புத் திட்டைக் காட்டினார். "உங்க அண்ணனுக்குக் கோவம் கூடலம்மா. அதை நிறுத்துற இடத்துல அடிபட்டிருக்கு." அண்ணி அங்கயே உக்காந்து அழுதாங்க. அத்தனை நாளா, தான் ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு நினைச்சிருக்காங்க.

அந்த டாக்டர்தான் ஃபினியஸ் கேஜ்ங்கிறவர் கதையைச் சொன்னார். 1848ல அமெரிக்காவுல ரயில் பாதைக்குப் பாறை வெடிக்கிற வேலை. ஆறு கிலோ இரும்புக் கம்பி கன்னத்துல ஏறி மண்டை உச்சி வழியா வெளிய போயிருச்சு. பொழைச்சுக்கிட்டார். ஆனா பொறுப்பான மேஸ்திரியா இருந்தவர் வாய்க்கு வந்தபடி வையிற ஆளா மாறிட்டார், தெரிஞ்சவங்களே இது கேஜ் இல்லன்னாங்க. இது வரைக்கும் எல்லாரும் சொல்றது. டாக்டர் அதுக்கு மேல சொன்னதுதான் எங்களைக் காப்பாத்துச்சு. கேஜ் பின்னாடி சிலி நாட்டுக்குப் போய் வருஷக்கணக்கா குதிரை வண்டி ஓட்டியிருக்கார். தினமும் ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே வேலை. அந்த ஒழுங்கு அவரை மறுபடி மனுஷனாக்கியிருக்கலாம்னு நினைக்கிறாங்களாம்.

நாங்களும் அப்படியே பண்ணோம். மாத்திரை ஒரு பக்கம். வீட்டுல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேசணும். அண்ணி பூ கட்டுறவங்க. விடிகாலையில மல்லி வந்ததும் அண்ணன் நூறு நூறா எண்ணிக் குமிச்சு வைப்பார். எண்ணிக்கை தப்பாது. கோவம் வர்றது அவருக்கே இப்ப தெரியுது. வலது கை நடுங்கும், பூவை அப்படியே வச்சுட்டு மொட்டைமாடிக்கு ஏறிருவார். நாங்க யாரும் பின்னாடி போக மாட்டோம்.

செல்லூர்க்காரன்:

தங்கச்சி, உங்க பதிவைப் படிச்சுட்டு ரெண்டு நாள் எதுவும் எழுத முடியல. அண்ணிகிட்ட என் வணக்கத்தைச் சொல்லுங்க.

"ரத்தம்"னு நான் கேட்டதுக்கு ஒண்ணு கிடைச்சது. எம்ஏஓஏன்னு ஒரு மரபணு, மூளையில செரோடோனின் மாதிரிச் சில வேதிப்பொருளைச் சிதைக்கிற நொதிக்கு உரியது. 1993ல நெதர்லாந்துல ஒரே குடும்பத்து ஆம்பளைங்க பல பேருக்கு அது வேலையே செய்யலன்னும், அவங்க கட்டுக்கடங்காத ஆத்திரக்காரங்கன்னும் கண்டுபிடிச்சாங்க. ரத்தம்தான்னு முடிவு கட்டிருக்கலாம். ஆனா 2002ல நியூசிலாந்துல, டுனீடின்ங்கிற ஊர்ல பிறந்ததுல இருந்து கவனிச்சுக்கிட்டு வந்த பையன்களை வச்சுப் பார்த்தா, அந்த மரபணு மந்தமா இருந்து, சின்ன வயசுல அடி உதை வாங்கினவங்கதான் வன்முறைக்கு அதிகமாப் போயிருக்காங்க. அடி வாங்காம வளர்ந்தவங்களுக்கு அதே மரபணு ஒண்ணும் பண்ணல. பின்னாடி வந்த ஆய்வு எல்லாத்துலயும் இது இதே அளவுக்கு வரல. ஆனாலும் என் மகளுக்குச் சொல்ல இது போதும்னு தோணுச்சு.

இதை அம்மாகிட்ட சொன்னேன். அவங்க வெத்தலையை மடிச்சுக்கிட்டே, "உங்க அப்பா முதல்ல அடிக்கிறவரு இல்லடா"ன்னாங்க. நான் நம்பல. வீட்டுல ரெண்டு தறி ஓடிக்கிட்டு இருந்துச்சு. நூல் விலை ஏறி, ஒண்ணு நின்னுச்சு, அப்புறம் ரெண்டாவதும் நின்னுச்சு. கடன்காரன் வாசல்ல வந்து நாலு பேர் பார்க்கக் கேட்டுட்டுப் போவான். அவன்கிட்ட அப்பா வாயைத் திறக்க மாட்டாராம். கதவைச் சாத்திட்டு உள்ள வந்தா பெல்ட்டு. வழி அடைபட்டவன் ஆத்திரம் அடைச்சவன் மேல போக முடியலன்னா இளைச்சவன் மேல போகும்னு 1939லயே யேல் பல்கலைக்கழகத்துக்காரங்க எழுதி வச்சிருக்காங்க. அதைப் படிச்சிருந்தும், அப்பாவோட சேர்த்து எனக்கு ஒரு நாளும் தோணல.

தறி நிக்கிறப்ப எனக்கு அஞ்சு வயசு. அதுக்கு முந்தின தைப்பூசத்துக்கு அப்பா என்னைச் செல்லூர்ல இருந்து தெப்பக்குளம் வரைக்கும் தோள்லயே தூக்கிட்டுப் போய்த் தெப்பம் காட்டினாராம். கூட்டத்துல நான் அவர் முடியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே வந்தேனாம், அவர் சிரிச்சுக்கிட்டே நடந்தாராம். அம்மா சொல்லச் சொல்ல என் மக கன்னத்துல கை வச்சுக் கேட்டுக்கிட்டு இருந்தா. எனக்கு அந்தப் பெல்ட்டோட பக்கிள் எப்படி இருக்கும்னு இப்பவும் வரைஞ்சு காட்டத் தெரியும். தெப்பம் ஞாபகத்துல இல்ல.