கொள்ளுப்பாட்டியின் கீறல்: பழைய பதிவேடுகளில் முன்னோரைத் தேடியவர்கள் சொல்லும் அனுபவங்கள்

காவிரிக்கரை மகள்:

எங்கள் வீட்டைக் கொள்ளுத்தாத்தா வாங்கினார் என்றுதான் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன். தகரப்பெட்டியில் அந்த வீட்டின் கிரயப் பத்திரம் இருந்தது. நடுப்பகுதியைக் கரையான் தின்றிருந்தது. வாங்கியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. வருடம் இருந்த இடத்தில் ‘விரோதி’ மட்டும் மிச்சம். வலது ஓரம் கிழிந்து போயிருந்தது.

அறுபது தமிழ் வருடப் பெயர்களில் ஒன்றான விரோதி என்றால் 1889-90. அடுத்த விரோதி 1949-ல்தான் வரும். அதனால் 1889-ஐயும் அதை ஒட்டிய வருடங்களையும் குறித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் மனு கொடுத்தேன். எதுவும் கிடைக்கவில்லை. கட்டணம் வருடக் கணக்கில்தான் வாங்குவார்கள் என்பதால், கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது வருடத்துக்குக் கேட்கவும் முடியாது. இரண்டாம் முறையும் வெறுங்கையோடு திரும்பினேன்.

அன்று இரவு பத்திரத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த என் அப்பா (அவருக்கு 81 வயது) முத்திரையைக் காட்டி, “இதில் தாடி வைத்த ராஜா அல்லவா இருக்கிறார்? 1889-ல் ராணி விக்டோரியா ஆட்சியம்மா” என்றார். நான் அதுவரை எழுத்தைத்தான் பார்த்தேனே தவிர முத்திரையைப் பார்க்கவே இல்லை. கிழிந்துபோன ஓரத்தில் இரண்டு மூன்று எழுத்து இருந்திருக்க வேண்டும். அறுபது வருடப் பட்டியலில் விரோதிக்கு 22 வருடம் தள்ளி விரோதிகிருது வருகிறது. அது 1911-12.

மூன்றாம் முறை 1911 என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த எழுத்தர் பெயர் அட்டவணையில் விரலை ஓட்டிப் பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார். படித்ததும் தலை சுற்றியது. வாங்கியவர் கொள்ளுத்தாத்தா இல்லை. என் தாத்தாவின் பெயரைச் சொல்லி, ‘மைனருக்குத் தாயாரும் கார்டியனுமான’ என்று ஒரு பெண்ணின் பெயர். எங்கள் கொள்ளுப்பாட்டி. அவரை ‘அப்பாயி’ என்றே எல்லோரும் சொல்லிப் பழகியதால், அவர் பெயர் என்ன என்று அப்பாவுக்கே தெரியாது. கொள்ளுத்தாத்தா அதற்கு முன்பே இறந்துவிட்டார் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக் கிரயத்துக்கு முந்தைய எண்ணுள்ள பத்திரத்தையும் பாருங்கள் என்றார் எழுத்தர். அதே நாளில் அதே பெண் இரண்டு மா நஞ்சையை விற்றிருக்கிறார். மைனர் சொத்தை விற்கும்போது குடும்ப அவசியத்தைப் பத்திரத்திலேயே எழுதுவது அன்றைய வழக்கம் என்பதால், காரணம் முழுவதும் எழுதியிருந்தது: ‘மேற்படி மைனரின் தகப்பனார் வாங்கியிருந்த புரோநோட்டுக் கடனைத் தீர்க்கவும், குடியிருக்க வீடு இல்லாதபடியால் வீடு கிரயம் வாங்கவும்.’ நிலத்தை விற்றுக் கடனை அடைத்து, மிச்சத்தில் மகன் பெயருக்கு ஒரு வீட்டை அன்றைக்கே எழுதி வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பியிருக்கிறார்.

கையெழுத்து இடத்தில் அவர் பெயர், அதன் கீழே ‘கீறல்’ (எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதில் போடும் குறி) என்ற சொல், பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு. அந்தக் கோடு அவர் போட்டதில்லை. பதிவுப் புத்தகத்தில் இருப்பது எழுத்தர் எடுத்த படிதான். இருந்தாலும் நகல் வாங்கிவந்து அப்பாவிடம் கொடுத்தபோது, அவர் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

தேடப் போகிறவர்களுக்கு ஒன்று: 1908 பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துக்கான முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். “உனக்கு இதில் என்ன பாத்தியதை?” என்று கேட்டால் தயங்க வேண்டாம். உயில் புத்தகம் அப்படி இல்லை. எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவர்களுக்கு நகல் கிடைக்கும்.

மணப்பாறையிலிருந்து:

அக்கா, உங்களுக்கு வருடம் தப்பியது போல எனக்குப் பெயர் தப்பியது. எங்கள் பூட்டனார் பெயர் ராயப்பன். பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் மூன்று நாள் உட்கார்ந்து தேடினேன், ஒரு ராயப்பனும் இல்லை. பதிவேடு லத்தீனில் இருந்தது. வயதான குருவானவர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்து, “பெத்ருஸ் என்று தேடு தம்பி” என்றார். ராயப்பர் என்றால் பேதுருதானே! ஜெபமாலையில் வளர்ந்த எனக்கு இது தோன்றாமல் போயிற்று. சின்னப்பன் பவுலுஸ் ஆகியிருப்பார், அருளப்பன் யோவான்னெஸ் ஆகியிருப்பார், சூசை யோசேபுஸ். ஒரு பக்கத்தில் எட்டு பெத்ருஸ் இருந்தார்கள். தாயின் பெயரும் ஞானத்தாயின் (ஞானஸ்நானத்துக்குச் சாட்சியாக நின்றவர்) பெயரும் எழுதியிருந்ததால்தான் எங்களவரைப் பிரித்தெடுக்க முடிந்தது. அந்த ஞானத்தாயின் வழி வந்தவர்கள் இன்றும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள். ஏன் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்களுக்கு முதல் வெற்றிலை வைக்கிறோம் என்று எவருக்கும் காரணம் தெரியாமலே வைத்துக்கொண்டிருந்தோம்.

பாலாற்றான்:

நான் தேடியது என் குடும்பத்தை இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து ஒரு குடும்பம், தங்கள் பாட்டனாரின் ஊரைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று நண்பர் மூலம் கேட்டது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து போய் நேட்டாலில் கரை சேர்ந்தது முதல் 1911 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கரும்புத் தோட்டத்துக்கும் மற்ற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணைப் பிடித்தால் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் வரிசையாக இருக்கும்.

டர்பன் குடும்பம் அனுப்பிய பட்டியல் படத்தில் வயது 22, ‘இடது கணுக்காலில் தழும்பு’ என்றிருந்தது. ஜில்லா வட ஆற்காடு. நானும் வேலூர், ஆரணி, போளூர்ப் பக்கமெல்லாம் அந்த ஊர்ப் பெயரைத் தேடி அலைந்தேன். ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர், எதோடும் ஒட்டவில்லை. தாலுகா என்ற கட்டத்தில் மை பரவியிருந்தது. பிறகு பேச்சுவாக்கில் அவர்கள் சொன்னார்கள்: பண்டிகை நாளில் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் தெலுங்கில் பாடுவார்களாம். உடனே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்திரகிரி! 1911-ல் சித்தூர் ஜில்லா உருவாகும்வரை சந்திரகிரி தாலுகா வட ஆற்காட்டில்தான் இருந்தது. இன்றைக்கு அது ஆந்திரம். இப்போதைய வரைபடத்தை வைத்துக்கொண்டு நான்கு மாதம் எல்லைக்கு இந்தப் பக்கமே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கிராமத்துக்கு அவர்களை அழைத்துப் போனேன். உறவு என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் கிடைக்கவில்லை. ஏரிக்கரையில் நின்று கொஞ்சம் மண்ணை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டார்கள்.

காவிரிக்கரை அக்காவுக்கு ஒரு கேள்வி. எழுதத் தெரியாதவர்களிடம் பெருவிரல் ரேகை வாங்குவதற்குப் பதிவு அலுவலகத்தில் தனிப் புத்தகம் உண்டே, அதைக் கேட்டீர்களா? படியெடுத்த கோடு எழுத்தருடையதாக இருக்கலாம், ரேகை உங்கள் அப்பாயியுடையதாகவே இருக்கும்.

காவிரிக்கரை மகள்:

இல்லை ஐயா, அப்படி ஒரு புத்தகம் இருப்பதே எனக்குத் தெரியாது. இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். தானும் வருகிறேன் என்கிறார். முழங்கால் வலிக்கு ஒரு வாரமாகப் படி இறங்காதவர், பத்திர எண்ணைச் சட்டைப்பையில் எழுதி வைத்துக்கொண்டுவிட்டார். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் போகிறோம்.