பெண்கள் மனநல வார்டில் கட்டிப்போடலாமா?

அல்சூர்வாசி: அக்கா பெங்களூரில் பூட்டிய வார்டில் இருக்கிறார். தன்னையே காயப்படுத்திக்கொள்கிறார், தடுத்தால் நர்ஸ்மேல் கை ஓங்குகிறார். கட்டிப்போடுவது முறையா?

வார்டு நர்ஸ்: இரண்டும் பெரும்பாலும் ஒரே தவிப்புதாங்க. அதற்கு முந்தைய அரைமணி நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்: போன் மறுத்தார்களா, பார்க்க வருபவர் வரவில்லையா, ஷிஃப்ட் மாறியதா? அந்த நேரத்தில் ஒருவர் மட்டும் தணிந்த குரலில், எட்டி நின்று பேச வேண்டும். நாலு பேர் சூழ்ந்தால் அடி நிச்சயம். முன்பு வன்முறைக்கு ஆளான பெண்ணை ஆண்கள் பிடித்தால் பழைய பயம் திரும்பும். பெண் ஊழியர்களைக் கேளுங்கள்.

சட்டம் படித்தவர்: 2017 மனநலச் சட்டம், 97ஆம் பிரிவு: தனியறையில் அடைக்கவே கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லையென்றால்தான் கட்டலாம், அதுவும் பொறுப்பு மனநல மருத்துவர் அனுமதியோடு. தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறைக்காகவோ கூடாது. ஒவ்வொரு முறை கட்டும்போதும் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது நோயாளியின் சார்பில் செயல்படுபவருக்கு, 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

வார்டு நர்ஸ்: வீட்டாருக்குத் தாங்கவில்லையென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள், தமிழிலும் பேசலாம்.