புதுப்பிப்பு: பட்டம் இல்லாமலே வேலை கிடைத்துவிட்டது

கிடங்கு வேலை பார்த்துக்கொண்டே சொந்தமாக பைத்தான் நிரல்மொழியும், தரவுத்தளத்தில் தகவல் தேட உதவும் எஸ்க்யூஎல் மொழியும் கற்றவனை யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். எடுத்துவிட்டார்கள், தரவுகளை அலசிச் சொல்லும் டேட்டா அனலிஸ்டாக!

நேர்காணலில் சான்றிதழ்களைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருந்த என் சரக்கு இருப்புத் திட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. "இன்னர் ஜாயின் போடாமல் லெஃப்ட் ஜாயின் ஏன்?" என்றார்கள். இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது இன்னர் போட்டால் பொருந்தாத வரிசைகள் விடுபட்டுவிடும், லெஃப்ட் போட்டால் முதல் அட்டவணையின் எல்லா வரிசைகளும் நிற்கும், கிடங்கில் தொலைந்த சரக்கே அந்த வரிசைகளில்தான் இருக்கும் என்றேன். அந்தப் பதில் கிடங்கில் நின்று சரக்கை எண்ணியதால் வந்தது. அதனால் பழைய வேலையை ரெஸ்யூமில் மறைக்காதீர்கள், மேலேயே போடுங்கள்.

அப்புறம், திட்டத்தை விளக்கும் ரீட்மீ கோப்பைத் தெளிவாக எழுதச் சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி. முதலில் அதைத்தான் படித்தார்களாம்.