மொரீஷியஸ் வெனிலா டீ: மணம் தூக்கல், குடித்தால் கசப்பு

ஆறினகப்: பாக்கெட்டைத் திறந்தா ஐஸ்கிரீம் கடை வாசனை. பால், தண்ணி, தூள் எல்லாம் சேர்த்துக் கொதிக்கவெச்சா வெறும் கசப்பு. எங்கே தப்பு?

வடிகட்டி: கொதிக்கவெச்சதுதான். வெனிலா மணம் தூள் மேல ஏத்தினது, ஆவியோட போயிடும். 200 மில்லி தண்ணி கொதிச்சதும் அடுப்பை அணைச்சு, அரை நிமிஷம் கழிச்சு 2 கிராம் தூள் போட்டு மூடுங்க. 3 நிமிஷத்துல வடிச்சிடணும். 5 தாண்டினா துவர்ப்பு ஏறி நாக்கு வறளும்.

மூடிவாசம்: முதல் கப் பால், சர்க்கரை இல்லாம. மூடியைத் திருப்பி உள்பக்கத்தை முகருங்க, வெனிலா அங்கேதான் நிக்கும். அப்புறம் சர்ருனு உறிஞ்சுங்க. வெனிலாவுக்கு இனிப்பே கிடையாது, மூக்கு நாக்கை ஏமாத்துற வேலை! பாதி ஆறினதும் இன்னொரு வாய்: வெனிலா மணத்துக்கு அடியில இருக்கிற டீயோட ருசி எப்படின்னு அப்போதான் தெரியும்.

ஆறினகப்: பாலே கூடாதா?

வடிகட்டி: தாராளமா. மொரீஷியஸ்லயே பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிக்கிறது சகஜம். வடிச்ச பிறகு சூடான பால் 2 ஸ்பூன் போதும். பாக்கெட்டை மட்டும் மசாலா டப்பா பக்கம் வைக்காதீங்க, நாலே நாள்ல சீரக வெனிலாதான்.