சவர்க்காரம் உதிருது, நாக்கும் சுடுது: ஒன்றரைக் கிலோவைக் காப்பாற்ற வழி இருக்கா?

வெள்ளவத்தை_மாடிவீடு:

வணக்கம். சவர்க்காரம் செய்வது எனக்கு இது மூன்றாவது தடவை. முதல் இரண்டும் சின்ன அளவு, சரியாகவே வந்தன. அந்தத் துணிவில், அக்கா மகளின் சாமத்திய வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கட்டி நானே செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அதற்கு இன்னும் ஐந்து கிழமைதான் இருக்கிறது.

கணக்கு இதுதான்: தேங்காய் எண்ணெய் 600, நல்லெண்ணெய் 300, ஆமணக்கெண்ணெய் 100, கோஸ்டிக் சோடா 155, தண்ணீர் 330. எண்ணெய்களை ஜக்கில் கோடு பார்த்து ஊற்றினேன். கோஸ்டிக் விஷயத்தில் விளையாடக் கூடாது என்று அதை மட்டும் புதுத் தராசில் நிறுத்தேன். கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டு, கோஸ்டிக்கைத் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஆறவிட்டு, எண்ணெயோடு சேர்த்து பிளெண்டரால் அடித்தேன். வடிவாகத்தான் வந்தது. கடைசியில் வாசத்துக்கு இரண்டு தேக்கரண்டி கராம்பெண்ணெய் விட்டேன் பாருங்கள், பத்து விநாடி இருக்காது, மசித்த உருளைக்கிழங்கு மாதிரி இறுகிப் போனது. ஊற்ற வழியில்லை. கரண்டியால் அள்ளி ஐஸ்கிரீம் பெட்டிக்குள் அமத்தி வைத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் வெட்டப் போனால் கத்தி பட்ட இடமெல்லாம் கற்கண்டு மாதிரி உடைந்தது. உள்ளே அரிசி அளவில் வெள்ளைப் புள்ளிகள், இரண்டு மூன்று துளையில் ஈரம் முத்து முத்தாக நிற்கிறது. மேலே வெள்ளைப் பவுடர் வேறு. நான் தடுக்க முன்னமே அம்மா ஒரு துண்டில் கை கழுவிவிட்டு "எரியுது பிள்ளை" என்றார். இன்றைக்கு மூன்றாவது நாள், கோஸ்டிக் மிச்சம் நிற்கிறதா என்று அறிய ஈர விரலால் தேய்த்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன், ரேடியோ பற்றரியை நக்கின மாதிரிச் சுள் என்றது.

அம்மாவின் பெரிய அலுமினியச் சட்டியில் உருக்கி, தேசிக்காய்ப் புளி விட்டால் சரிவருமா? இல்லாவிட்டால் அப்படியே எறிவதா? எண்ணெய் விற்கிற விலைக்கு எறிய மனம் வரவில்லை.

கொட்டாஞ்சேனை_மச்சான்:

தேசிக்காயெல்லாம் வேண்டாம், அரைப் போத்தல் வினாகிரி ஊற்றிக் கிண்டு, கோஸ்டிக்கின் காரமும் வினாகிரியின் புளியும் ஒன்றையொன்று முறித்துவிடும். ஓ.எல். சயன்ஸ். அதுவும் சரிவராவிட்டால் உடுப்புத் தோய்க்க வைத்துக்கொள்.

பழைய_லாப்கோட்:

தங்கச்சி, முதலில் அந்த அலுமினியச் சட்டியைத் திரும்ப ராக்கையில் வை. கோஸ்டிக் அலுமினியத்தை அரிக்கும், அரிக்கும்போது ஐதரசன் வாயு வரும், சட்டியும் போய் சவர்க்காரமும் சாம்பல் நிறத்தில் ஊத்தையாக வரும். ரைஸ் குக்கர் என்று யாராவது சொல்ல முன்னம் அதையும் சொல்லிவிடுகிறேன்: அதன் உள்சட்டி பெரும்பாலும் அலுமினியம்தான், மேலே பூச்சு இருக்கும், ஒரு கீறல் விழுந்தாலும் அதே கதை. எவர்சில்வர் மட்டும்.

மச்சான் சொன்ன வினாகிரிக்கு வருவோம். காரமும் அமிலமும் முறியும் என்பது சரி. ஆனால் எவ்வளவு காரம் மிச்சம் என்று தெரியாமல் அரைப் போத்தல் ஊற்றினால், கோஸ்டிக் தீர்ந்த பிறகு மிஞ்சுகிற புளி சவர்க்காரத்தையே உடைத்துத் திரும்பக் கொழுப்பமிலம் ஆக்கும், பிசுபிசு என்று திரிந்து போகும். அளந்தே விட்டாலும் மிச்சக் காரம்தான் போகும், தோலுக்கு வேண்டிய எண்ணெய் வந்து சேராது. புள்ளிக்குள் அடைபட்டிருக்கும் கோஸ்டிக்கை மேலே ஊற்றுகிற வினாகிரி போய்த் தொடவும் மாட்டாது. தேசிக்காய்க்கும் இதே பதில். அதோடு, கோஸ்டிக் தோலில் தெறித்தால் வினாகிரியைத் தேடி ஓடாதீர்கள், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு.

உடுப்புத் தோய்க்கிற யோசனையும் வேண்டாம். அந்த ஈர முத்து எல்லாம் கோஸ்டிக் கரைசல், தோய்க்கிறவரின் கை என்னாவது?

சவர்க்காரப்_பெட்டி:

தங்கச்சி, நான் தெஹிவளையில் பத்து வருடமாக வீட்டில் இதைச் செய்து கண்காட்சிகளில் விற்கிறவள். உதிர்ந்தால் உடனே காரம் கூடிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. 60 வீதம் தேங்காய் எண்ணெய் போட்ட கட்டி கெதியாக இறுகும், ஒரு நாள் கழித்து வெட்டினால் நல்ல கட்டியும் விளிம்பில் உடையும், நான் அதையெல்லாம் ஏழெட்டு மணித்தியாலத்திலேயே வெட்டிவிடுவேன். மேலே இருக்கிற வெள்ளைப் பவுடரும் வெறும் சோடாச் சாம்பலாக இருக்கலாம், காற்றுப் பட்டு வருவது, துடைத்தால் போகும். முதல் நாள் நாக்குச் சுட்டால்கூட நான் பயப்பட மாட்டேன், அப்போது எண்ணெயும் காரமும் சேர்கிற வேலை முடிந்திருக்காது. ஆனால் மூன்றாவது நாளும் சுள் என்கிறது, உள்ளே ஈர முத்து வேறு. அப்படியென்றால் காரம்தான்.

இரண்டு பிழை சேர்ந்து நடந்திருக்கிறது. ஒன்று கராம்பு. அதில் இருக்கிற யூஜெனோல் காரத்தைக் கண்டால் சும்மா இருக்காது, நிமிடக் கணக்கில் இறுக வேண்டியதை விநாடிக் கணக்கில் இறுக்கிவிடும். கறுவா எண்ணெயும் அந்த வீட்டுப் பிள்ளைதான். அது இறுகின வேகத்தில் கோஸ்டிக் ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம் என்று மாட்டுப்பட்டிருக்கும்.

மற்றது ஜக். நீ எழுதின 600, 300, 100 கிராமா, மில்லிலீற்றரா?

வெள்ளவத்தை_மாடிவீடு:

ஐயோ அக்கா. குறிப்பில் கிராம் என்றுதான் இருக்கிறது. எண்ணெயும் தண்ணீர் மாதிரித்தானே என்று ஜக்கில் ஊற்றினேன். முதல் இரண்டு தடவையும் அம்மாவின் பழைய தராசில் எல்லாவற்றையும் நிறுத்தேன், இந்த முறை புதுத் தராசின் தட்டுச் சின்னது, பேசின் வைத்தால் இலக்கம் தெரியாது.

சவர்க்காரப்_பெட்டி:

பிடிபட்டது. எண்ணெய் தண்ணீரை விடப் பாரம் குறைவு. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் ஒரு மில்லிலீற்றர் 0.92 கிராம் அளவில் வரும், ஆமணக்கு 0.96. ஆக 600 என்று ஊற்றினது 552 கிராம், 300 என்றது 276, 100 என்றது 96. மொத்தம் 924. ஒரு கிலோ எண்ணெய்க்குக் கணக்குப் போட்ட கோஸ்டிக்கை 76 கிராம் குறைந்த எண்ணெயில் கொட்டியிருக்கிறாய்.

ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் 0.183 கிராம் கோஸ்டிக் குடிக்கும், நல்லெண்ணெய் 0.134, ஆமணக்கு 0.128. உன் எண்ணெய் முழுக்கச் சவர்க்காரமானாலும் 150 கிராம்தான் குடிக்கும், நீ போட்டது 155. ஏறக்குறைய 5 கிராம் கோஸ்டிக் போக இடமில்லாமல் உள்ளே நிற்கிறது. இதுவே கோஸ்டிக்கையும் கண்மதிப்பில் போட்டிருந்தாய் என்றால் எறி என்று சொல்லியிருப்பேன். அதை நிறுத்தபடியால்தான் இப்போது கணக்குப் போட முடிகிறது.

75 கிராம் தேங்காய் எண்ணெய் சேர். நிறுத்து. அந்த 5 கிராமும் தீர்ந்து, 5 வீதத்துக்குக் கொஞ்சம் மேலே எண்ணெய் மிச்சமும் நிற்கும், தோலுக்கு அதுதான் வேண்டும்.

கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கரட் துருவியில் துருவு. தூள் பறக்கும், மூக்கைக் கட்டு, காற்றாடியை நிற்பாட்டு. எவர்சில்வர்ப் பாத்திரத்தில் துருவலைப் போட்டு, அதைக் கொதிதண்ணீர்ச் சட்டிக்கு மேலே வை, நேராக நெருப்பில் வைத்தால் அடிப்பிடிக்கும். 100 மில்லிலீற்றர் தண்ணீர் தெளி, அதற்கு மேலே வேண்டாம், தண்ணீர் கூடினால் காய்கிறபோது சுருங்கிக் கோணிப் போகும். மூடி வை. அரை மணித்தியாலத்தில் ஓரம் இளகத் தொடங்கும், அப்போது எண்ணெயை விட்டுக் கிண்டு. முதலில் கட்டியும் எண்ணெயுமாகப் பார்க்கவே சகிக்காது, பயப்படாதே. பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் கிண்டிக்கொண்டே இரு. ஒன்று ஒன்றரை மணித்தியாலத்தில் வெள்ளைப் புள்ளி எல்லாம் மறைந்து வசிலின் மாதிரி மினுங்கும். கொஞ்சம் எடுத்து நன்றாக ஆறவிட்டு நாக்கில் வை. சுட்டால் இன்னும் அரை மணித்தியாலம். சுடாவிட்டால் அள்ளிப் பெட்டியில் போட்டு, பெட்டியை மேசையில் தட்டித் தட்டி இறுக்கு.

வாசம் ஒன்றும் இனிப் போடாதே. இருக்கிற கராம்பே போதும், சின்னப் பிள்ளைகளும் பாவிக்கப் போகிறார்கள்.

பழைய_லாப்கோட்:

அக்கா போட்ட கணக்கு சரி. ஒன்று மட்டும்: உருக்கிச் செய்தால் காரம் அன்றைக்கே தீர்ந்துவிடும், ஆனால் தண்ணீர் போக நாள் எடுக்கும், அதுவும் கடற்கரைக் காற்றில். பல்கனியில் வைக்க வேண்டாம், அறைக்குள் காற்றாடிக்குக் கீழே ஓட்டையுள்ள தட்டு மாதிரி எதிலாவது இடைவெளி விட்டு அடுக்கு. பிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்க்கும்.

கொட்டாஞ்சேனை_மச்சான்:

சரி சரி, ஓ.எல். சயன்ஸில் எனக்கு எஸ், வெறும் பாஸ்தான். தங்கச்சி, என்ன நடந்தது என்று சொல்லு.

வெள்ளவத்தை_மாடிவீடு:

நேற்று ஞாயிற்றுக்கிழமை செய்தேன். துருவவே ஒரு மணித்தியாலம். எண்ணெய் விட்டதும் அக்கா சொன்ன அதே கண்றாவிக் கோலம், அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். ஒரு மணித்தியாலம் கழித்து நாக்கில் வைத்தேன், லேசாகச் சுள் என்றது, திரும்ப மூடி வைத்தேன். அடுத்த அரை மணித்தியாலத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் சவர்க்கார ருசிதான், அதுவே போதும் துப்புகிறதுக்கு.

இன்று காலை வெட்டினேன். உடையவில்லை. வழுவழு என்று இல்லை, மேல்பக்கம் மேடும் பள்ளமுமாக, நிறம் பழுப்பு, தொதல் துண்டு மாதிரி இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் 16 கட்டி. கை கழுவினேன், எரிவில்லை, நுரையும் வருகிறது.

என் சொந்த அக்காவுக்குப் படம் அனுப்பினேன். "பேப்பர் சுற்றித்தானே கொடுக்கப் போகிறாய்" என்று பதில் வந்தது. வருகிறவர்கள் நாற்பது பேர். நாளைக்கு இன்னொரு தடவை செய்ய வேண்டும், இந்த முறை எல்லாம் பழைய தராசில்தான், கராம்புப் போத்தலை அம்மா ஒளித்து வைத்துவிட்டார்.